அங்கியும் அகமும்

உள்ளத்தில் இருப்பதுதான் செயலாக வெளிப்படுகிறதா, அல்லது செயலாகப் பழகியதுதான் நாளடைவில் உள்ளத்தில் குடியேறுகிறதா என்ற கேள்வி அறவியலுக்கும் சமயத் தத்துவத்துக்கும் பொதுவானது. இரண்டு துறைகளிலும் அதற்கு இன்றுவரை முடிந்த முடிபு கிடையாது. நற்பண்புகள் எவருக்கும் பிறவியில் வருவன அல்ல, யாழை மீட்டி மீட்டியே ஒருவன் யாழ்க்கலைஞன் ஆவதுபோல நீதியான செயல்களைச் செய்து செய்தே நீதிமான் ஆகிறான் என்று அரிஸ்டாட்டில் வாதிட்டார். பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சுச் சிந்தனையாளரான பாஸ்கல் இதை இன்னும் கூர்மையாக்கி, நம்ப விரும்பியும் நம்ப இயலாமல் தவிப்பவன், ஏற்கெனவே நம்புகிறவர்கள் செய்வதையெல்லாம் தானும் செய்யத் தொடங்கினால், தீர்த்தம் தொட்டுத் திருப்பலியில் பங்குகொண்டு வந்தால், நம்பிக்கை தானாகவே பின்தொடரும் என்ற கருத்தை முன்வைத்தார். எதிரணியும் வலுவற்றதன்று. உதட்டளவில் வணங்கிய மக்களைச் சாடிய எபிரேய இறைவாக்கினர்கள் அந்த அணியில் இருக்கிறார்கள். சடங்கின் ஆற்றலை ஐயுற்ற பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகள் பலரும் இருக்கிறார்கள். உள்ளே இல்லாத ஒன்றை வெளியே காட்டுவது பொய் என்பதே அவர்கள் அனைவருடைய நிலைப்பாட்டின் சாரம்.

இந்த வழக்கில் இரு தரப்பினருமே தமக்குச் சாதகமான சாட்சி என்று நம்பி அழைக்கக்கூடியவர் நடிகர். வெளியிலிருந்து தொடங்கி உள்ளே செல்வதே அவர் தொழில் என்பார்கள் ஒரு சாரார். வெளித்தோற்றம் எவ்வளவு முழுமையாக அமைந்தாலும் திரை விழுந்ததும் அரசன் அரசனாக இருப்பதில்லை, துறவி துறவியாக இருப்பதில்லை என்பார்கள் மறுசாரார். நாயக நடிகரைவிடக் குணச்சித்திர நடிகர் இக்கேள்விக்கு நெருக்கமானவர். தம் சொந்த முகத்தையும் கவர்ச்சியையும் மூலதனமாக்காமல் ஒவ்வொரு படைப்பிலும் வேறொரு மனிதராகத் தோன்றுவதையே திறனாகக் கொண்டவரைத்தான் அச்சொல் குறிக்கிறது. நாயகர் எல்லா வேடங்களுக்குள்ளும் தம்மையே கொண்டுவருகிறார் என்றால், இவர் தம்மை வெளியே விட்டுவிட்டு வர முயல்கிறார். இருபதாம் நூற்றாண்டுப் பிரிட்டனின் மேடையும் திரையும் தந்த அத்தகைய நடிகர்களுள் அலெக் கின்னஸ் (1914–2000) தனித்து ஆராயத்தக்கவர். குரு, கர்தினால், திருத்தந்தை, ஸ்டோயிக் பேரரசர், அந்தணர், கொலைகாரர், ஹிட்லர் என்று அவர் ஏற்காத வேடம் அரிது என்பது ஒரு காரணம். வாழ்வின் நடுப்பகுதியில் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார் என்பதும், அந்தப் பயணத்தில் ஒரு வேட உடைக்குப் பங்கு இருந்தது என்பதும் முக்கியமான மற்றொரு காரணம்.

கின்னஸ் லண்டனில் 1914 ஏப்ரல் 2 அன்று பிறந்தார். பிறப்புப் பதிவில் தந்தையின் பெயருக்கு உரிய இடம் நிரப்பப்படவில்லை. தம் தந்தை யார் என்பது அவருக்குக் கடைசிவரை உறுதியாகத் தெரியவந்ததும் இல்லை. விளம்பர நிறுவனமொன்றில் வாசகம் எழுதும் வேலையில் தொடங்கி, 1934இல் மேடையேறி, ஜான் கீல்குட் அதே ஆண்டில் தயாரித்த ஹாம்லெட்டில் ஆஸ்ரிக் என்ற சிறு வேடத்தால் கவனம் பெற்று, ஓல்ட் விக் நாடகக் குழுவில் முதிர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றி 1943இல் சிசிலித் தரையிறக்கத்தில் ஒரு படகுக்குத் தலைமை தாங்கினார். போருக்குப் பின் டேவிட் லீனின் படங்களும் ஈலிங் படப்பிடிப்பு நிலையத்தின் நகைச்சுவைப் படங்களும் அவரை உலகறியச் செய்தன. 1949இல் வெளிவந்த ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் காரனெட்ஸ்’ படத்தில் ஒரே பிரபுக் குடும்பத்தின் எட்டுப் பேராக, அவர்களுள் ஒரு பெண்மணியாகவும் ஓர் அசட்டுப் பாதிரியாராகவும், அவரே தோன்றினார். பெயரும் முகமும் நிலையற்றுப்போன இந்தத் தொழில்வாழ்வை, தந்தையின் பெயரறியாத பிறப்போடு முடிச்சுப்போடுவது வாழ்க்கை வரலாற்று எழுத்தாளர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. அந்த விளக்கம் சற்று மலிவானது. தந்தையை அறியாதவர்கள் எல்லாரும் நடிகர்களாவதில்லை. மேலும் அது, அவர் என்ன செய்தார் என்று கேட்பதற்கு முன்பே ஏன் செய்தார் என்ற கேள்விக்குத் தாவிவிடுகிறது.

அவர் செய்தது இதுதான்: ஒரு கதாபாத்திரத்தின் உணர்ச்சியைத் தம் நினைவுகளுக்குள் தோண்டி எடுக்க முயலாமல், முதலில் அந்த மனிதர் எப்படி நடப்பார் என்று தேடினார். நடை பிடிபட்டால் மற்றது அதனோடு வரும் என்பது அவர் கையாண்ட முறை. 1979இல் பிபிசி தொலைக்காட்சித் தொடரில் ஜான் லெ காரே படைத்த உளவுத்துறை அதிகாரி ஜார்ஜ் ஸ்மைலியாக நடிக்க ஒப்பியபோது, பிரிட்டிஷ் உளவுத்துறையின் முன்னாள் தலைவர் மாரிஸ் ஓல்ட்ஃபீல்டோடு ஒரு மதிய உணவுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லி, அவருடைய உடையையும் குடையையும் விரலசைவையும் கூர்ந்து பார்த்துக்கொண்டார். இந்த முறைக்கு ஒரு தத்துவ மூதாதை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் திதெரோ எழுதி, அவர் இறந்து நெடுங்காலத்துக்குப் பிறகு 1830இல் வெளியான நடிகனைப் பற்றிய உரையாடல், சிறந்த நடிகன் உணர்வதே இல்லை, உணர்ச்சியின் புறக்குறிகளை மட்டும் பிழையின்றிக் காட்டுகிறான், கண்ணீர் விட வேண்டியவர் பார்வையாளரே என்று வாதிட்டது. கின்னஸ் திதெரோவின் நடிகருக்கு மிக அருகில் வருகிறார். எனினும் ஒரு வேறுபாடு இருக்கிறது. திதெரோவின் நடிகர் புறக்குறிகளை ஆளுபவர். கின்னஸோ அவற்றுக்குத் தம்மை ஒப்படைத்துவிட்டு, அவை தம்மை எங்கே இட்டுச்செல்கின்றன என்று காத்திருப்பவர். சமயப் பயிற்சியின் மொழியில் சொன்னால் முன்னது கட்டுப்பாடு, பின்னது கீழ்ப்படிதல்.

திருச்சபை வரலாறு நடிகரைக் கனிவோடு நடத்தியதில்லை. இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டுகளில் வட ஆப்பிரிக்காவில் எழுதிய தெர்த்துல்லியன், காட்சிக்கூடங்கள் அனைத்தும் சிலைவழிபாட்டின் நீட்சி என்று தள்ளினார், கி.பி. 314இல் கூடிய ஆர்ல் சங்கம், நடிப்புத் தொழிலில் இருக்கும்வரை நடிகர்களுக்குச் சபையின் உறவு இல்லை என்று விதித்தது. இந்தப் பகை நெடுங்காலம் நீடித்தது. 1673இல் இறந்த மோலியேர் அரசரின் தலையீட்டுக்குப் பிறகே இரவு நேரத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1730இல் பாரிஸில் இறந்த நடிகை அத்ரியேன் லெகுவ்ரருக்குக் கிறித்தவ அடக்கமே மறுக்கப்பட்டது. இளமையில் கார்த்தேஜ் நகரின் நாடக அரங்குகளில் கற்பனைத் துயரங்களுக்காகக் கண்ணீர் விட்ட அகுஸ்தினார், அந்தக் கண்ணீர் யாருக்கும் உதவாத கண்ணீர் என்று பின்னாளில் வருந்தினார். ஆயினும் அவரே தம் தொடக்ககால உரையாடல் நூலொன்றில் இக்கேள்வியின் முடிச்சை மற்றெவரையும்விடத் தெளிவாகப் பிடித்திருந்தார்: ரோஸ்கியஸ் என்ற ரோமானிய நடிகர் மேடையில் பொய்யான ஹெக்குபாவாக இருந்தால்தான் அவர் உண்மையான நடிகராக இருக்க முடியும், அப்படியானால் ஒரு பொருள் தன்னளவில் உண்மையாவதற்கு வேறொன்றாகப் பொய்யாவது தேவைப்படுகிற இடங்கள் உண்டு. அகுஸ்தினார் இதைக் கண்டு திகைத்தாரே தவிர, இதிலிருந்து நடிகருக்கு ஆதரவான முடிவு எதையும் எடுக்கவில்லை.

சபை தன் கண்டனத்தோடு கூடவே ஒரு முரண்பட்ட கதையையும் பாதுகாத்து வந்திருக்கிறது. மன்னர் தியோக்கிளேசியன் காலத்தில், கிறித்தவர்களின் திருமுழுக்கைக் கேலி செய்யும் நாடகமொன்றில் திருமுழுக்குப் பெறுபவனாக நடித்த கெனேசியுஸ் என்ற நடிகர், மேடையிலேயே உண்மையாக மனம் மாறி, அதை மன்னர் முன் அறிக்கையிட்டு, கொல்லப்பட்டார் என்பது அந்தக் கதை. வரலாற்று ஆதாரம் மெலிந்த தொன்மம் இது. நடிகர்களின் பாதுகாவலராக அவர் வணங்கப்பட அது தடையாகவில்லை. தத்துவ நோக்கில் இக்கதையின் சிறப்பு, கேலியாகச் செய்த சடங்கும் வேலை செய்துவிட்டது என்பதில் இருக்கிறது. நம்பிக்கை இல்லாமல் மட்டுமல்ல, பகையோடு செய்யப்பட்ட செயலே உள்ளத்தைத் திறந்தது என்றால், பாஸ்கல்கூடத் துணியாத இடத்துக்கு அது போய்விடுகிறது.

கின்னஸின் வாழ்வில் இத்தகைய நாடகத்தனமான கணம் எதுவும் இல்லை. உள்ளவை சின்னஞ்சிறு புறச்செயல்கள். ஆங்கிலிக்கன் சபையில் உறுதிப்பூசுதல் பெற்ற வயதிலேயே நம்பிக்கையை இழந்துவிட்டிருந்த அவர், 1938இல் டைரோன் கத்ரி இயக்கத்தில் நவீன உடையில் ஹாம்லெட்டாக நடித்தபோது, ஓர் ஆங்கிலிக்கன் குரு ஒப்பனை அறைக்கு வந்து, மேடையில் அவர் சிலுவை அடையாளம் வரைந்த விதம் தவறு என்று திருத்தினார். அந்தத் திருத்தத்திலிருந்து ஒரு நட்பும், நட்பிலிருந்து சமயத்தின் மீதான மறு ஆர்வமும் வளர்ந்தன. நம்பாத ஒருவரின் கையசைவு சரியாக இருக்க வேண்டும் என்று நம்பும் ஒருவர் கவலைப்பட்டார் என்பது கவனிக்கத்தக்கது.

பிறகு 1954 வந்தது. செஸ்டர்டன் படைத்த துப்பறியும் குருவை நாயகராகக் கொண்ட ‘ஃபாதர் பிரவுன்’ படத்தின் படப்பிடிப்பு பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் நடந்தது. இரவுக் காட்சி ஒன்றுக்காகக் காத்திருந்த வேளையில் கின்னஸ் குருவின் கறுப்பு அங்கியைக் கழற்றாமலே தங்குமிடத்துக்கு நடந்துகொண்டிருக்க, ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவன் அவரைத் தந்தையே என்று விளித்து, கையைப் பற்றிக்கொண்டு, ஏதேதோ பேசியபடி கூடவே நடந்து, விடைசொல்லிப் பிரிந்தான். தம் பிரெஞ்சு மொழி காட்டிக்கொடுத்துவிடும் என்று அஞ்சிக் கின்னஸ் வாய் திறக்கவில்லை. முன்பின் அறியாத குழந்தையிடத்தில் இத்தகைய நம்பிக்கையைத் தன் குருக்களின் உடை வழியாகவே எழுப்பக்கூடிய ஒரு சபை, தாம் அதுவரை எண்ணிவந்ததுபோலச் சூழ்ச்சி நிறைந்ததாக இருக்க முடியாது என்ற எண்ணம் அப்போது தோன்றியதாக 1985இல் வெளியிட்ட தன்வரலாற்றில் அவர் எழுதினார். அந்த ஆண்டுகளில் இளம்பிள்ளை வாதத்தால் மகன் நடக்க இயலாமல் போனபோது, வேலை முடிந்து திரும்பும் வழியில் ஒரு கத்தோலிக்கக் கோவிலில் அமர்ந்து, மகன் குணமடைந்தால் அவன் கத்தோலிக்கனாக விரும்பினாலும் தடுப்பதில்லை என்று இறைவனோடு உடன்படிக்கை செய்துகொண்டார். மகன் நலம்பெற்றார். டிராப்பிஸ்ட் துறவிகளின் மடத்தில் சில நாட்கள் தங்கிவிட்டு வந்த கின்னஸ், 1956 மார்ச்சில் கத்தோலிக்கத் திருச்சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டார்.

பர்கண்டிச் சிறுவனின் செயலை வெறும் உருக்கமான நிகழ்ச்சியாகக் கடந்துபோகாமல் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் அதற்குள் ஒரு பழைய இறையியல் வழக்கு அடங்கியிருக்கிறது. நான்காம் நூற்றாண்டு வட ஆப்பிரிக்காவில், அரச ஒடுக்குமுறைக்கு அஞ்சி மறைநூல்களை ஒப்படைத்த ஆயர்களும் குருக்களும் வழங்கும் அருளடையாளங்கள் செல்லாதவை என்று தொனாத்திஸ்டுகள் எனப்பட்ட பிரிவினர் வாதிட்டனர். அருளடையாளம் என்பது திருமுழுக்கு, நற்கருணை போன்று, காணக்கூடிய செயலின் வழியாகக் காண இயலாத அருளை வழங்குவதாகச் சபை கருதும் சடங்கு. அகுஸ்தினார் இதற்கு மறுப்பாக, திருமுழுக்கை வழங்குபவர் யாராயினும் அது கிறிஸ்துவினுடையதே, வழங்குபவரின் தகுதியால் அது கூடுவதும் இல்லை குறைவதும் இல்லை என்று நிறுவினார். இந்தச் சிந்தனையிலிருந்து வளர்ந்து, செய்பவரின் புனிதத்தால் அன்றிச் செய்யப்படும் செயலாலேயே சடங்கு பயனளிக்கிறது என்ற கோட்பாடாக இடைக்காலத்தில் உருப்பெற்றதை, 1547இல் திரிதெந்து சங்கம் சபையின் போதனையாக உறுதிசெய்தது. அதன்படி பார்த்தால் சிறுவன் பிழை செய்யவில்லை. அவன் நம்பியது அலெக் கின்னஸை அன்று. அங்கியை, அங்கியின் பின்னால் நின்ற ஒரு நெடிய மக்கள்தொடர்ச்சியை. அங்கிக்குள் இருந்தவரின் தகுதி அந்த நம்பிக்கையில் ஒரு பொருட்டாகவே இல்லை. வேறெவரையும்விட ஒரு நடிகருக்கு இது எளிதில் புரிந்திருக்கும், ஏனெனில் தன் தகுதியால் அல்லாமல் தனக்குத் தரப்பட்ட சொற்களாலும் உடையாலும் தன்னைவிடப் பெரியதொன்று அரங்கேறுவது அவருடைய அன்றாட அனுபவம்.

இந்த விளக்கம் எவ்வளவு கவர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவு ஆபத்தானதும்கூட. அங்கியை நம்பிக் கையைப் பற்றும் குழந்தை, அதே அங்கியால் ஏமாற்றப்படவும் கூடும். அயர்லாந்திலும் அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் குருக்கள் சிலர் சிறார்களுக்கு இழைத்த கொடுமைகளும், அவற்றை மேலிடம் மறைத்த விதமும் பின்னர் வெளியானபோது, அந்த நம்பிக்கையையே அவர்கள் கருவியாக்கியிருந்தார்கள் என்பது தெரிந்தது. சடங்கு செல்லுமா என்ற கேள்விக்கு அகுஸ்தினார் தந்த விடை, சடங்கு செய்பவரை நம்பலாமா என்ற கேள்விக்கு விடையாகாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஏழு வயதுச் சிறுவனால் இயலாது. கின்னஸின் விவரிப்பும் அவற்றைப் பிரிக்கவில்லை. உடை எழுப்பும் நம்பிக்கை ஒரு சபையின் உண்மைக்குச் சான்றாகும் என்ற அவருடைய அனுமானம், தருக்கத்தின் அளவில் நில்லாது என்றே சொல்ல வேண்டும். அது அவரைத் தூண்டிய காரணம் என்று ஏற்கலாமே அன்றி, அவர் பக்க நியாயம் என்று ஏற்க இயலாது.

வியப்பு என்னவென்றால், அவர் அதே காலத்தில் ஏற்ற வேடங்களே இந்த எதிர்வாதத்தை முழு வலிமையோடு முன்வைக்கின்றன. பிரிட்ஜட் போலண்ட் எழுதி 1954இல் மேடையிலும் 1955இல் திரையிலும் வந்த ‘தி பிரிசனர்’, கம்யூனிச ஆட்சிகள் சிறைப்படுத்திய ஹங்கேரியின் மிண்ட்சென்டி, குரோவேசியாவின் ஸ்டெப்பினாட்ஸ் ஆகிய திருச்சபைத் தலைவர்களின் வழக்குகளை நினைவூட்டும் படைப்பு. அதில் கின்னஸ் நடித்த கர்தினாலை விசாரணையாளர் உடல்வதையால் வீழ்த்தவில்லை. எளிய பிறப்பைப் பற்றிய வெட்கத்தையும் உள்ளே ஒளிந்திருந்த செருக்கையும் கண்டெடுத்து, அவருடைய இறைப்பணி முழுவதுமே தம்மை உயர்த்திக்கொள்ள அவர் போட்ட வேடம்தான் என்று அவரையே நம்பவைத்து வீழ்த்துகிறார். கர்தினால் செய்யாத குற்றங்களை ஒப்புக்கொள்வதற்குக் காரணம் இதுதான்: தம் அகம் பொய் என்று தெரிந்தபின் புறச்செயல்களும் பொய்யாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று அவர் முடிவுசெய்துவிடுகிறார். அகுஸ்தினார் தொனாத்திஸ்டுகளுக்குச் சொன்ன விடையை அந்தச் சிறைக்குள் எவரேனும் அவருக்கு எடுத்துரைத்திருந்தால் அவர் தப்பியிருக்கக்கூடும். பணியின் மதிப்பு பணியாளனின் உள்நோக்கத்தால் அழிவதில்லை என்று அவர் எதிர்வாதம் செய்திருக்கலாம். கம்யூனிச எதிர்ப்புப் படம் என்று கான், வெனிஸ் விழாக்கள் இதை விலக்கியதும், கத்தோலிக்க எதிர்ப்புப் படம் என்று வேறு சிலர் குறைகண்டதும், படம் எந்தத் தரப்புக்கும் வசதியான விடையைத் தரவில்லை என்பதையே காட்டுகின்றன.

மதம் மாறிய அடுத்த ஆண்டு வெளியான ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தின் கர்னல் நிக்கல்சன் இதன் மறுமுனையில் நிற்கிறார். இலங்கையின் கித்துல்கலையில் களனி ஆற்றங்கரையில் படமாக்கப்பட்ட அந்தப் படைப்புக்காகவே கின்னஸுக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. (அவர் அந்தப் படப்பிடிப்பில் இருந்தபோதுதான் மனைவி மெருலா சாலமன் தாமும் கத்தோலிக்கராகி, அதன் பின்னரே கணவருக்குத் தெரிவித்தார்.) போர்க்கைதியான நிக்கல்சன், அதிகாரிகள் உடலுழைப்பு செய்யலாகாது என்ற விதிக்காகத் தகிக்கும் தகரக் கூண்டில் உயிரைப் பணயம் வைக்கிறார், அந்த உறுதியில் வென்றபின், வீரர்களின் ஒழுங்கைக் காக்கும் பொருட்டு, எதிரிக்கே சிறந்ததொரு பாலத்தைக் கட்டிக்கொடுக்கிறார். ஒழுங்கின் புறவடிவத்தை இம்மியும் பிசகாமல் காத்த மனிதர், அது எதற்காக ஏற்பட்டதோ அந்த நோக்கத்தை முழுதாக மறந்துவிட்டார். சிலைவழிபாடு என்று இறைவாக்கினர்கள் கண்டித்தது கல்லையும் மரத்தையும் மட்டுமன்று, வழியாக இருக்க வேண்டியதை முடிவாகக் கொள்ளும் இந்த மயக்கத்தையும்தான். நடையிலிருந்து பாத்திரத்தைத் தேடும் நடிகர், நடை மட்டுமே எஞ்சிப்போன ஒரு மனிதராக நடித்ததில்தான் தம் தொழில்வாழ்வின் உச்சியைத் தொட்டார்.

புறவடிவம் தன்னளவில் குற்றமற்ற கருவி என்ற எண்ணத்தை, இதற்கு முன்பே 1948இல், வேறொரு வேடம் தகர்த்திருந்தது. டிக்கன்ஸ் நாவலைத் தழுவிய ‘ஆலிவர் ட்விஸ்ட்’ படத்தில் ஃபேகின் என்ற யூதப் பாத்திரத்துக்காக, பழைய நூலின் க்ரூக்ஷாங்க் சித்திரங்களைப் பின்பற்றிப் பெரியதொரு செயற்கை மூக்கு ஒட்டப்பட்டது. ஐரோப்பிய யூதர்களின் படுகொலை முடிந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. 1949இல் பெர்லினில் யூதர்களின் எதிர்ப்பால் படம் நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் வெட்டுகளுக்குப் பிறகு 1951இல்தான் வெளிவந்தது. கின்னஸின் உள்ளத்தில் பகைமை இருந்ததாகக் கொள்ள இடமில்லை. அவருடைய மனைவியே தந்தை வழியில் யூத மரபினர். இங்கே சிக்கல் அதுவன்று. நடிகரின் அகம் தூய்மையாக இருந்தும் முகமூடி தன் வேலையைச் செய்தது, ஏனெனில் அந்த முகமூடிக்குப் பின்னாலும் ஒரு நெடிய தொடர்ச்சி இருந்தது. செய்பவரின் தகுதியைச் சாராமல் செயல் பயனளிக்கும் என்ற கோட்பாடு நன்மைக்கு மட்டும் பொருந்தும் என்று எவரும் வரம்பிட முடியாது.

வேடங்களுக்குப் பின்னால் ‘நான்’ என்று ஒன்று உண்டா என்ற கேள்விக்கு, கின்னஸின் தொழில்வாழ்வு இரண்டு எதிரெதிர் விடைகளோடு உரசிச் சென்றிருக்கிறது. 1946இல் பீட்டர் புரூக் இயக்கத்தில் சார்த்தரின் நாடகத்தில், தாம் கோழையல்லர் என்று பிறர் சொல்லக் கேட்க ஏங்கும் கார்சானாக அவர் நடித்தார். செய்த செயல்களின் கூட்டுத்தொகைக்கு அப்பால் மனிதனிடம் மறைந்து கிடக்கும் ‘உண்மையான தான்’ எதுவும் இல்லை என்பதே அந்த நாடகத்தின் இரக்கமற்ற வாதம். 1964இல் ‘தி ஃபால் ஆஃப் தி ரோமன் எம்பயர்’ படத்தில் அவர் மார்க்கஸ் ஆரேலியஸ் ஆனார். அந்தப் பேரரசர் போற்றிய ஸ்டோயிக் ஆசிரியர் எபிக்டெட்டஸ், மனிதன் ஒரு நாடகத்தில் நடிக்க வந்தவன், வேடத்தைத் தேர்வது ஆசிரியரின் வேலை, கிடைத்ததைச் செம்மையாக நடிப்பதே மனிதனின் வேலை என்று போதித்தவர். இதன்படி வேடத்துக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார், ஆனால் அவர் சுதந்திரம் வேடத்தை மறுப்பதில் இல்லை. கின்னஸின் சாய்வு இரண்டாவது விடையின் பக்கம் என்று கருத இடமுண்டு. அவர் பொதுவழிபாட்டுச் சொற்களின் மீது கொண்டிருந்த பற்றும், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் லத்தீனுக்குப் பதிலாக வந்த ஆங்கில வாசகங்களின் தட்டைத்தன்மையைப் பற்றி அவர் எழுதிய மனக்குறையும் ஒரு ரசிகரின் பிடிவாதம் மட்டுமல்ல. தரப்பட்ட சொற்களுக்குத் தம்மைக் கொடுத்து வாழ்ந்தவருக்குச் சொற்களின் தரம் ஓர் ஆன்மிக விவகாரமாகவே இருந்திருக்கும்.

1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ வெளியானது. துறவியை ஒத்த பழுப்பு அங்கியோடு ஓபி-வான் கெனோபியாக அவர் பேசிய, அண்டம் முழுதும் நிறைந்த ஓர் ஆற்றலைப் பற்றிய வசனங்களை உலகெங்கும் இளைஞர்கள் ஏறத்தாழ உபதேசமாக எடுத்துக்கொண்டார்கள். படத்தின் வருவாயில் கிடைத்த பங்கு அவரைச் செல்வராக்கியது. வசனங்களோ அவருக்கு அலுப்பூட்டின. அதை நூறு முறைக்கும் மேல் பார்த்ததாகப் பெருமையோடு சொல்லிக் கையெழுத்துக் கேட்ட சிறுவனிடம், இனி ஒருபோதும் அதைப் பார்ப்பதில்லை என்று வாக்களிக்க முடியுமா என்று கேட்டு அவனை அழவைத்ததைப் பிற்கால நூலொன்றில் அவரே பதிவுசெய்திருக்கிறார். தொழிலின் ஊதியத்தைப் பெற்றுக்கொண்டு அதன் விளைவை மட்டும் மறுப்பது நேர்மையா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். தத்துவ நோக்கில் அதைவிடக் கடினமான கேள்வி வேறு. பர்கண்டிச் சிறுவனும் இந்தச் சிறுவனும் ஓர் அங்கியைத்தான் நம்பினார்கள். ஒருவனுடைய நம்பிக்கை கின்னஸைச் சபையை நோக்கித் திருப்பியது, மற்றவனுடையது அவரைத் திடுக்கிட வைத்தது ஏன்? முதல் அங்கி சிறுவனைத் தன்னைத் தாண்டி ஒரு கோவிலுக்கும் ஓர் ஊருக்கும் இட்டுச்சென்றது, இரண்டாவது அவனை மீண்டும் மீண்டும் அதே திரையரங்குக்கே இட்டுச்சென்றது என்று நம்பிக்கையாளர் விடை கூறுவார். நம்பாதவர், இரண்டுமே கதைகள், ஒன்று பழையது மற்றது புதியது, அவ்வளவுதான் என்பார். கின்னஸின் செயல் முதல் விடையை எடுத்துக்கொண்டே நடந்ததாகும். அதை அவர் நிறுவிக்காட்ட முயலவில்லை.

இந்த வேறுபாட்டைச் சோதித்துப் பார்க்க உதவும் கடைசி வேடம் 1984இல் வந்தது. ஃபார்ஸ்டரின் நாவலை டேவிட் லீன் படமாக்கிய ‘எ பேசேஜ் டு இந்தியா’வில், கிருஷ்ண பக்தரான பேராசிரியர் கோட்போலேயாக, முகத்துக்கு நிறம் பூசி, நெற்றிக்குறியும் தலைப்பாகையும் அணிந்து கின்னஸ் தோன்றினார். நடையிலும் உடையிலும் வழக்கமான உழைப்பு இருந்தும், அவருடைய தோல்விகளுள் ஒன்றாகவே அது கருதப்படுகிறது. அந்த உடையை அன்றாடம் உடுத்துபவர்கள் இருந்த நாட்டில், அதற்கு உரியவர்கள் தர வேண்டிய நம்பிக்கையை ஒப்பனையால் பெற்றுவிட முடியவில்லை. பர்கண்டியில் அங்கிக்கு வலுவூட்டியது நடிகரின் திறனே அல்ல என்பது இங்கே எதிர்மறையாகத் தெளிவாகிறது. அது அந்தச் சிறுவனின் ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்த ஒன்று, கின்னஸ் அதை ஒரு மாலைப்பொழுதுக்கு இரவல் பெற்றிருந்தார். கோட்போலேக்காக அவர் பயின்றிருந்த பக்தி நடனத்தை லீன் படத்தொகுப்பில் வெட்டிவிட்டார், கின்னஸுக்கு அதில் வருத்தம் இருந்தது. ஒரு வேற்றுச் சமயத்தவர் அந்த வழிபாட்டை உடலால் செய்துபார்த்தபோது அதில் ஏதேனும் நிகழ்ந்ததா என்று பார்வையாளர் தாமே கண்டு தீர்மானிக்க இருந்த ஒரே வாய்ப்பும் அந்த வெட்டோடு போயிற்று.